எதிரே வந்தவள்

சேந்தனேந்தலிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்குத் தரையில் மூன்று மணி நேரம், திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்கு ஆகாயத்தில் நாலு மணி நேரம், சிங்கப்பூருக்கும் நாலு, குவைத்துக்கு ஐந்து. இதெல்லாம் எங்கள் ஊரில் வாய்ப்பாடு தெரியாத பிள்ளைக்கும் தெரியும், ஏனென்றால் ஆகாயத்தில் போகும் அந்த மணிகளை ஏறிப் போனவர்கள் சுமக்கவில்லை, அவர்கள் புறப்படும்போது எதிரே வந்தவர்கள்தான் சுமந்தார்கள், ஒரு மணிக்கு ஒரு வயது என்று. தரையில் போகும் தூரத்துக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. ஏன் என்று நாங்கள் கேட்கவும் இல்லை.

முதல் முறை மட்டும் கொஞ்சம் பதறினோம். ஒருவர் பயணம் புறப்பட்டு வாசலைத் தாண்டும்போது நிறைகுடத்தோடு ஒரு கட்டுக்கழுத்தி, அதாவது தாலி கட்டிய பெண், எதிரே வரவேண்டும் என்பது எங்கள் வழக்கம், அதன்படி கல்யாணமாகி ஆறு மாதமான மங்களேஸ்வரி ஷார்ஜாவுக்குப் புறப்பட்ட தன் புருஷனுக்கு எதிரே பித்தளைக் குடத்தோடு வந்து, அவனை அனுப்பிவிட்டு, உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தபோது, அவள் நகங்கள் அரிசிக்குள்ளேயே நீண்டன, இடுப்புவரை இருந்த பின்னல் முழங்காலைத் தாண்டி இறங்கியது, கண்ணாடி வளையல் கையை இறுக்கித் தானாக உடைந்தது, அங்கே விமானம் தரை தொட்ட நிமிடத்தில் எல்லாம் நின்றது. இருபத்திமூன்று வயதில் அரிசி களையத் தொடங்கியவள் இருபத்தேழு வயதில் உலை வைத்தாள். சோறு நன்றாகத்தான் வெந்திருந்தது, புருஷன் நல்லபடியாகச் சேர்ந்துவிட்டதாகப் போன் வந்தது, நாங்களும் சாப்பிட்டுப் படுத்தோம்.

அடுத்த வாரம் இன்னொருத்தி, அதற்கடுத்த மாதம் இரண்டு பேர். சுகாதார நிலையத்து டாக்டர் சத்துக் குறைவு என்று மாத்திரை கொடுத்தார். பயணச்சீட்டு எடுத்துத் தரும் ஏஜெண்ட் நாகசுந்தரம்தான் விஷயத்தை முதலில் பிடித்துக்கொண்டவர். தன் கடைச் சுவரில் ஊர்களின் பெயரை எழுதி, பக்கத்தில் தூரத்தைக் கிலோமீட்டரில் எழுதி, அதற்கும் பக்கத்தில் சிவப்பு மையில் மணியை எழுதி வைத்தார். கிலோமீட்டரை யாரும் பார்க்கவில்லை.

எதிரே யாருமே வராமல் போனால் என்ன ஆகும் என்பது வாத்தியார் மகன் செழியனால் தெரிந்தது. அவனுக்கு முறைப்படி ஒருத்தி எதிரே வந்தாள், ஆனால் அவன் தெருமுனையைத் தாண்டியபின் அவன் அம்மா ஊறுகாய் பாட்டிலை மறந்துவிட்டாயே என்று பின்னாலிருந்து கூப்பிட்டுவிட்டாள். பின்னால் கூப்பிட்டால் போன பயணம் போனதில்லை. திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் புதிதாகப் புறப்பட வேண்டும், புதிதாக ஒருத்தி எதிரே வரவும் வேண்டும். அவசரத்தில் அதை விட்டுவிட்டார்கள். ஷார்ஜாவில் இறங்கும்போது, மழுமழுவென்று சவரம் செய்துகொண்டு ஏறிய செழியனுக்கு நெஞ்சுவரை தாடி, சுருண்டுபோன நகத்தால் பேனா பிடிக்க முடியவில்லை. அதிகாரி பாஸ்போர்ட் படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், அடுத்த விமானத்தில் திருப்பி ஏற்றிவிட்டார். புறப்பாடு சரியில்லாதவனுக்குத் திரும்பும் வழியும் கணக்குத்தான், அதில் இன்னொரு நாலு; மற்றவர்கள் ஊர் திரும்பும்போது யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. சாமியார் மாதிரி வந்து இறங்கிய மகனைப் பார்த்து அவன் அம்மா ஊறுகாய் பாட்டிலை வாசலில் போட்டு உடைத்தாள். அன்றிலிருந்து சேந்தனேந்தலில் யாரும் யாரையும் பின்னால் கூப்பிடுவதில்லை. வீடு தீப்பிடித்தாலும் முன்னால் ஓடிப்போய்த்தான் சொல்ல வேண்டும்.

நல்ல சகுனம் என்று மாட்டை எதிரே ஓட்டிப் பார்த்தோம். கொம்பு ஒரு முழம் வளர்ந்தது, பல் தேய்ந்தது, பால் வற்றியது. மாடு போனால் பால் போகும் என்று விட்டுவிட்டோம். பெண்டாட்டிகளையே எதிரே விட்டுக்கொண்டிருந்தால் ஊர் திரும்பும்போது பெண்டாட்டி அக்கா மாதிரி நிற்கிறாள் என்று ஆண்கள் முகம் சுளித்தார்கள், எங்கள் பெண்ணை இதற்கா கட்டிக்கொடுத்தோம் என்று சம்பந்தி வீட்டார் சண்டைக்கு வந்தார்கள். பிள்ளையார் கோயில் முன்னால் கூட்டம் கூடியது. போகாமல் இருந்துவிடலாமே என்று மங்களேஸ்வரி ஒருத்திதான் கேட்டாள். அவளை உள்ளே போகச் சொன்னார்கள்.

அப்புறம்தான் ஊருக்குத் தாலி அறுத்தவர்களின் நினைவு வந்தது. அதுவரை யாராவது புறப்படும் நேரத்தில் அவர்கள் கதவுக்குப் பின்னால் இருக்க வேண்டும், இருமக்கூடக் கூடாது. முதலில் இருளாயி கிழவியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள், எண்பது வயது, குவைத்துக்குப் போகும் விமானம் பாதி வழி தாண்டுவதற்குள் உட்கார்ந்தபடியே போய்விட்டாள். பயணம் புறப்பட்ட அன்றைக்கே தெருவில் சாவு விழுவது நல்லதில்லை என்று எல்லோரும் வருத்தப்பட்டார்கள். இளசாக ஒருத்தி வேண்டும் என்று நாகசுந்தரம் சொன்னார்.

தவச்செல்விக்கு அப்போது முப்பத்தொரு வயது. என் பெரியப்பா மகன் முத்துவேலின் பெண்சாதி, எனக்கு மதினி. அண்ணன் மஞ்சள் காமாலையில் போய் ஐந்து வருடம் ஆகியிருந்தது, பன்னிரண்டு வயதில் தர்ஷினி என்று ஒரே பெண். ஒருமுறை மதினி தெரியாமல் தண்ணீர் எடுக்க வெளியே வந்துவிட, புறப்பட்ட நாகசுந்தரம் அவள் முகத்தைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டு வீட்டுக்குள் திரும்பிப் போனதை நானே பார்த்திருக்கிறேன். அதே நாகசுந்தரம் இப்போது அவள் வாசலில் தாம்பூலத் தட்டோடு நின்றார். தட்டில் பழம், தேங்காய், வெற்றிலை, புதுச்சேலை எல்லாம் இருந்தன, பூவையும் குங்குமத்தையும் தவிர.

“ஊருக்காகச் செய்யிற புண்ணியம்த்தா. நீ எதிர்ல வந்தா போதும்,” என்றார்.

மதினி தட்டைப் பார்க்கவில்லை. உள்ளே பாடம் எழுதிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தாள். “எம்பிள்ள நர்ஸுக்குப் படிக்கணும்ணே. அதுக்கு ஊரு பொறுப்பேத்துக்குமா?”

“இதென்னத்தா கேள்வி? ஊரே படிக்க வைக்கும்.”

பித்தளைக் குடம் கட்டுக்கழுத்திகளுக்கு உரியது என்பதால் அவளுக்கென்று பச்சை நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கிக் கொடுத்தோம். அந்தக் குடத்தோடு அவள் முதன்முதலாகத் தெருவுக்கு வந்த அன்று, ஐந்து வருடமாக அவளை ஏறிட்டுப் பார்க்காதவர்கள் எல்லாம் வாசலில் நின்று, வாத்தா, நேரா வாத்தா, குனியாம வா என்று அழைத்தார்கள். அவள் சிரித்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், அன்று அவள் சந்தோஷமாக இருந்தாள், அதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் ஆத்திரமாக வருகிறது.

விமானம் பறக்கும் நேரம் முழுக்க அவள் முற்றத்தில் உட்கார்ந்திருப்பாள், தர்ஷினி நகவெட்டியோடு பக்கத்தில் உட்கார்ந்து வளர வளர நகத்தை வெட்டிக்கொண்டிருப்பாள், கூந்தல் முற்றம் முழுக்கப் பரவும், விமானம் இறங்கியதும் அதை அறுத்துச் சுருட்டி வைப்பாள். கறுப்பாக இருந்தவரை அந்த முடியை நாகசுந்தரம் வந்து வாங்கிப் போனார். அங்கே மேகமூட்டத்தால் விமானம் இறங்காமல் அரை மணி வட்டமடித்தால் இங்கே அவளுக்கு அரை வயது கூடுதல். அவளுக்கு இடுப்பு வலி வந்தது, கண் மங்கியது, பல் ஆடியது, ஊர் அவளுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தது, பல் செட்டும் கட்டிக் கொடுத்தது. நன்றி கெட்ட ஊர் என்று யாரும் எங்களைச் சொல்லிவிட முடியாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விடுமுறையில் வந்தவர்கள் நாலு வருடத்துக்கு ஒருமுறை வந்தார்கள், அவள் மேல் அவ்வளவு அக்கறை.

ஆறு வருடத்தில் பதினோரு பேரை அனுப்பினாள். அதில் ஏழாவது ஆள் நான். நேராகப் போனால் ஷார்ஜாவுக்கு நாலு மணிதான், ஆனால் கொழும்பு வழியாகப் போகும் சீட்டு விலை குறைவு, ஆகாயத்தில் ஒன்றே முக்கால் மணி அதிகம். நான் கொழும்பு வழியாகத்தான் போனேன். ஊரில் சொல்லவில்லை. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் தூங்கினான், நானும் தூங்கினேன், நடுவில் எழுப்பிச் சோறு கொடுத்தார்கள். நாலு வருடம் கழித்து ஊருக்கு வந்து மதினியைப் பார்க்கப் போனபோது, பல் செட்டைக் கழற்றிவைத்த பொக்கை வாயோடு காப்பி போட்டுக் கொடுத்தாள்.

“வழியில எங்கயும் எறங்கி ஏறுனீகளா தம்பி?” என்று கேட்டாள்.

“இல்ல மதினி. நேராத்தான் போனேன்.”

“அப்படியா,” என்றாள், காப்பிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டாள். அன்றைக்குத் தன் நகம் இடையில் நின்று, மறுபடி தொடங்கி, நாலு முடிந்தும் வளர்ந்துகொண்டே இருந்தது என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

தர்ஷினி பன்னிரண்டாம் வகுப்பை முடித்தாள், நல்ல மார்க். மதினி எண்பத்துநாலு வயது உடம்போடு தடி ஊன்றி நாகசுந்தரம் கடைக்குப் போய், ஊர் கொடுத்த வாக்கை நினைவுபடுத்தினாள். அவர் சிவப்பு மை எழுத்துக்களைத் துடைத்துப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தார்.

“பன்னெண்டு வரைக்கும் படிக்க வச்சாச்சுல்லத்தா? நர்ஸு என்ன, ஆசுபத்திரியில வேல பாக்கணும், அவ்வளவுதான? குவைத்துல ஒரு ஆசுபத்திரியில துப்புரவு வேல இருக்கு. விசா நான் எடுத்துத் தாரேன்.”

அதைவிடக் கொடுமை என்னவென்றால், அவர் அதை நல்ல மனசோடு சொன்னார். அந்தச் சமயம் ஊர் இன்னொரு யோசனையிலும் இருந்தது. மதினிக்கு இன்னும் ஒரு பயணம் தாங்கும், மிஞ்சினால் இரண்டு. அடுத்த வியாழக்கிழமை நாகசுந்தரத்தின் மகன் போக வேண்டும், பதினாலாம் தேதி எனக்கு மறுபடியும் சீட்டு. அதற்கப்புறம் யார் என்று தெரியவில்லை. ஆகவே நோயில் கிடக்கும் ஆண்களின் வீடுகளுக்கு எங்கள் ஆட்கள் ஆரஞ்சுப் பழத்தோடு போய் நலம் விசாரித்தார்கள், கட்டிலில் கிடப்பவனிடம் பேசிக்கொண்டே அவன் பெண்சாதியின் வயதைக் கண்ணால் அளந்தார்கள்.

தர்ஷினி குவைத்துக்குப் போகச் சம்மதித்தாள். சம்பாதித்து அம்மாவை இந்த ஊரிலிருந்து கூட்டிப் போய்விட வேண்டும் என்பதுதான் அவளுக்கு ஒரே எண்ணம். பாஸ்போர்ட் படத்தில் அவளுக்கு நீண்ட பின்னல். புறப்படுவதற்கு முந்தின நாள் அந்தப் பின்னலை அறுத்து, காதுக்கு மேலே ஒட்ட வெட்டிக்கொண்டாள், நகத்தைச் சதையோடு சேர்த்து வெட்டினாள்.

“எனக்கு யாரும் எதிர்ல வரவேணாம் சித்தப்பா. அஞ்சு மணி நேரத்த நானே சொமந்துக்குவேன். எறங்கும்போது முடி வளந்து போட்டோல இருக்குற மாதிரி ஆயிரும். பதினெட்டு இருபத்துமூணு ஆனா யாருக்குத் தெரியப்போவுது?”

அம்மாவைத் தன் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாள். மதினி கையை வைத்தாள், ஆனால் வாயைத் திறக்கவில்லை. அதனால் தர்ஷினி காலை எட்டு மணிக்குப் புறப்படும்போது வீட்டைப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்தாள். “ஆட்டோ மெயின் ரோட்டத் தாண்டுற வரைக்கும் தெறக்காதீங்க. நீங்க ஒருத்தருதான் எங்களுக்குச் சொந்தம்னு இருக்கீங்க,” என்றாள்.

ஆட்டோ மெதுவாகத் தெருவில் நகர்ந்தது. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் மதினியின் முகம் வந்தது.

“தம்பி, கதவத் தெறங்க.”

“புள்ள சொல்லியிருக்கு மதினி.”

“அன்னைக்கு வழியில எறங்கி ஏறித்தான போனீக. நான் ஒரு வார்த்த கேக்கல. இப்பக் கதவத் தெறங்க.”

நான் திறந்தேன். வேறு என்ன செய்திருக்க முடியும் என்று பலமுறை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன், திறக்காமல் இருந்திருக்கலாம் என்பதைத் தவிர வேறு பதில் வந்ததில்லை. தடியை எறிந்துவிட்டு, பச்சைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, எண்பத்துநாலு வயசுக்காரி பம்புசெட்டு வழியாகக் குறுக்கே ஓடினாள். ஆட்டோ தெருமுனை திரும்பும்போது அதற்கு நேர் எதிரே வந்தாள், ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை. டிரைவர் ஹாரன் அடித்து ஒதுங்கிப் போனான். யார் எதிரே வந்தாலும் தான் பார்த்துவிடக் கூடாதென்று தர்ஷினி கண்களை இறுக மூடி உட்கார்ந்திருந்தாள். பார்க்காமல் இருந்தால் போதும் என்று பிள்ளை நினைத்திருக்கிறது. எதிரே வந்தால் போதும், கண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மகள் ஒருமுறை கண்ணைத் திறந்து பார்க்க மாட்டாளா என்று மதினி ஆட்டோவின் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வாயைத் திறந்தாள். கூப்பிட்டிருந்தால் எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும், பிள்ளை திரும்பி வந்திருக்கும். அவள் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

விஷயம் தெரிந்து நாகசுந்தரம் செருப்புக்கூட இல்லாமல் ஓடி வந்தார். “ஒரு பயணத்த வீணாக்கிட்டியே! வியாழக்கெழமை எம்மவனுக்கு எவடி எதிர்ல வருவா?” என்று கத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். “ராசு, போனப் போடுடா. பின்னால கூப்புடு அந்தப் புள்ளய. விமானம் ரெண்டு மணிக்குத்தான், இன்னும் நேரமிருக்கு.”

மதினி என்னையும் அவரையும் கூடிநின்ற ஊரையும் மாறி மாறிப் பார்த்தாள். “எவனாச்சும் எம்புள்ளயப் பின்னால கூப்புட்டீகன்னா, இனி ஒருத்தனுக்கும் எதிர்ல வரமாட்டேன். கூப்புடலன்னா, பொழச்சுக் கெடந்தா, வியாழக்கெழமையும் வாரேன்,” என்றாள்.

ஊர் கூடி யோசித்தது. எண்பத்துநாலோடு ஐந்து எண்பத்தொன்பது. எண்பத்தொன்பதில் நடமாடுகிறவர்கள் உலகத்தில் இல்லையா? பக்கத்து ஊரில் ஒரு கிழவி தொண்ணூற்றிரண்டு வயதில் நாற்று நட்டாள் என்று ஒருவர் சொன்னார். நல்ல உடம்புதான், தாங்கிவிடுவாள் என்று இன்னொருவர் அவள் கையைப் பிடித்துப் பார்த்துச் சொன்னார். யாரும் போன் போடவில்லை. அவளுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தோம், இளநீர் வெட்டிக் கொடுத்தோம், சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி முற்றத்தில் கொண்டுவந்து மாட்டினோம்.

இரண்டு மணிக்கு அவள் நகம் நீளத் தொடங்கியது. வெட்டிவிட ஆளில்லை, மங்களேஸ்வரிதான் நகவெட்டியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். வெள்ளை முடி முற்றத்தில் பரவியது. மூன்றுக்கு அவளுக்குக் காது கேட்கவில்லை. நாலுக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை. ஐந்தரைக்கு மூச்சு இழுத்தது, தாங்கு தாயி, இன்னும் ஒன்றரைதான் என்று ஊரே கைகட்டி நின்று கெஞ்சியது. ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால், பிள்ள எறங்கிட்டாளா என்று தெளிவாகக் கேட்டாள், எறங்கிட்டா மதினி என்று நான் அவள் காதில் கத்தினேன். அது கேட்டதோ இல்லையோ, ஏழு அடிக்கும்போது நகம் வளர்வது நின்றுவிட்டது. விமானம் இறங்கியதால் நின்றதா, அவள் போனதால் நின்றதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நாகசுந்தரம் தலையில் அடித்துக்கொண்டு அழுதார், மகனுக்காக.

ஏழரைக்கு என் போன் அடித்தது.

“சித்தப்பா,” என்றாள் தர்ஷினி. “எறங்கிட்டேன். படத்துல முடி நெறைய இருக்கே, இப்ப எங்கன்னு கேட்டாங்க. வெட்டிட்டேன்னு சொன்னேன். விட்டுட்டாங்க.”

எனக்குப் பின்னால் மங்களேஸ்வரி ஒப்பாரியைத் தொடங்கியிருந்தாள், அது அங்கே கேட்டிருக்கும்.

“மொத மணி முடிஞ்சதும் நகத்தப் பாத்தேன் சித்தப்பா. வளரல. ரெண்டாவது மணிக்கும் பாத்தேன். எறக்கிவிடுங்கன்னு விமானத்துல சோறு குடுக்குற பொண்ணுகிட்ட அழுதேன். பெல்ட்டப் போடச் சொன்னாங்க. அஞ்சு மணி நேரமும் நகத்தயே பாத்துக்கிட்டு வந்தேன்.”

“தர்ஷினி...”

“சாவி உங்ககிட்டதான இருந்துச்சு. சரி, தெறந்துட்டீங்க. எட்டு மணியில இருந்து ரெண்டு மணி வரைக்கும் இருந்துச்சே. ஒரே ஒரு வார்த்த என்னயப் பின்னால கூப்புட்டிருக்கலாம்ல? ஊருதான் கூப்புடாது. நீங்களாச்சும்?”

எட்டிலிருந்து இரண்டு வரை போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. அதே பையில் பதினாலாம் தேதிச் சீட்டும் இருந்தது.